கத்தாரிகள்: தூயரா, நல்லோரா?

தென் பிரான்சின் இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுந்தால் முதல் பக்கத்திலேயே இடறும் சொல் இது: திருச்சபை ஏற்காத கொள்கையைப் பின்பற்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினரின் பெயர். 'கத்தார்' என்று எழுதினால் வளைகுடா நாடு நினைவுக்கு வரும். 'காதர்' என்றாலோ நம் தெருக்காரர் ஒருவரின் பெயர். இலத்தீன் வடிவை ஒட்டிக் 'கத்தாரிகள்' என்று எழுதினால் ஒலிக் குழப்பம் தீரும். பொருளைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

வேர் கிரேக்கம். 'கத்தரோஸ்' என்றால் தூய, மாசற்ற. ரைன் ஆற்றுப் பகுதியில் பிடிபட்ட மாற்றுக் கொள்கையினரைக் கண்டித்து, ஷோனாவ் மடத்துத் துறவி எக்பர்ட் 1163-ஐ ஒட்டி எழுதிய உரைகளில் இப்பெயர் வருகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலன் என்னும் இறையியலாளர் வேறொரு வேர் கண்டுபிடித்தார்: இலத்தீனில் 'கத்துஸ்' என்றால் பூனை; பூனை உருவில் வரும் சாத்தானின் பின்புறத்தை முத்தமிடுவதால் இந்தப் பெயராம். இதைச் சொற்பிறப்பு என்று யாரும் மதிக்க வேண்டியதில்லை, வெறும் வசை. ஜெர்மன் மொழியில் சமயத் திரிபாளர் எவரையும் குறிக்கும் 'கெட்ஸர்' என்ற சொல்லும் இந்தக் 'கத்தாரி'யிலிருந்து வந்ததுதான். ஆல்பி நகரை வைத்து 'ஆல்பிஜென்சியர்' என்றும் இவர்களை அழைத்தார்கள்.

இவை எல்லாமே எதிர்த்தவர்கள் இட்ட பெயர்கள். தென் பிரான்சின் தூலூஸ் வட்டாரத்து மக்கள் தங்கள் ஆக்சிதான் மொழியில் இவர்களைச் சொன்னது 'பொன்ஸ் ஓமெஸ்', 'பொனாஸ் ஃபெம்னாஸ்': நல்ல ஆண்கள், நல்ல பெண்கள். கண்ணுக்குத் தெரியும் உலகம் தீய சக்தியின் படைப்பு என்பது இந்த நல்லோரின் கொள்கை. இறைச்சி, முட்டை, பால் உண்ணமாட்டார்கள், கொல்லமாட்டார்கள், சத்தியம் செய்யமாட்டார்கள். பிரபுவுக்கும் குடிக்கும் இடையிலான உறவே சத்தியத்தில் நின்ற சமூகத்தில் இந்தக் கடைசி மறுப்பு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய முதன்மையான சடங்கு, தலைமேல் கை வைத்துத் தூய ஆவியை அளிக்கும் 'கொன்சொலாமென்ட்'; அதைப் பெற்றவரே முழு நல்லோர். தமிழ் விவிலியத்தின் 'தேற்றரவாளன்' இருக்கும்போது இதற்குத் 'தேற்றரவு' என்பதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டாம்.

1208-இல் திருத்தந்தையின் தூதர் பியேர் த கஸ்தெல்னோ கொல்லப்பட்டதும், மூன்றாம் இன்னொசென்ட் கிறிஸ்தவ நாட்டின்மீதே சிலுவைப் போர் அறிவித்தார். 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்றதாகத் தூதர்களே ரோமுக்கு எழுதினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கத்தோலிக்கர். 1233 முதல் தொமினிக் சபைத் துறவியர், திருச்சபைக்கு மாறான கொள்கையினரைத் தேடிப் பிடிக்கும் சமய விசாரணையைக் கையில் எடுத்தார்கள். 1245-46-இல் தூலூஸில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். அந்த ஏடுகளில் 'கத்தாரி' என்ற சொல்லைக் காண்பதே அரிது. எழுத்தர் 'திரிபாளர்' என்று எழுதுகிறார், ஊரார் வாயில் 'நல்ல மனிதர்' என்றே வருகிறது.

அந்தத் 'திரிபாளர்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கிரேக்க 'ஹைரெசிஸ்' முதலில் தேர்வு என்றே பொருள்பட்டது. பிறகு தேர்ந்துகொண்ட கொள்கை, அதைப் பின்பற்றும் பிரிவு. பழைய தமிழ் விவிலியம் அதை அப்போஸ்தலர் நடபடிகளில் 'மதபேதம்' என்கிறது, கலாத்தியரில் 'மார்க்கபேதம்' என்கிறது. அதன் அடியாய் வந்த சொல்லைத் தீத்துவில் 'வேதப்புரட்டன்' என்று பெயர்க்கிறது. கத்தோலிக்கப் பழந்தமிழில் 'பதிதர்', 'தப்பறை' என்பவை வழங்கின. 'மதபேதம்' வேறுபாட்டைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 'வேதப்புரட்டு' தீர்ப்பே வழங்கிவிடுகிறது. நீதிபதியின் கூற்றை மொழிபெயர்க்கும்போது அது சரி. எழுதுபவர் தம் குரலில் சொல்லும்போது 'மாற்றுக் கொள்கை' போதும்.

ஆக, சொல்லின் நேர்ப்பொருள் வேண்டுமென்றால் 'தூயர்'. மக்களைக் குறிக்க 'நல்லோர்'. அவர்கள் தஞ்சம் புகுந்திருந்த மோன்செகூர் மலைக்கோட்டை முற்றுகைக்குப் பின் சரணடைந்தபோது இரு வாரம் தவணை கிடைத்தது. கொள்கையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம். அந்த நாள்களில்தான், சாவு உறுதி என்று தெரிந்தே, சுமார் 20 பேர் புதிதாகத் தேற்றரவு பெற்றார்கள். 1244 மார்ச் 16 அன்று மலையடியில் எரிக்கப்பட்ட 200-க்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது நான் 'நல்லோர்' என்றே எழுதுகிறேன்.