முகப்புக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் முன்: குறைந்த செலவில் வண்ணம் பூசுவோர் கவனத்துக்கு

பழைய வீட்டின் முகப்பைச் சிறு தொகையில் புதுப்பிக்க விரும்பி வருபவர்கள் பெரும்பாலும் ஷேடு கார்டை (நிற மாதிரி அட்டையை) கையில் வைத்துக்கொண்டே பேசத் தொடங்குகிறார்கள். கட்டடப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, முகப்பில் எவற்றை மாற்றாமல் விடப்போகிறீர்கள் என்பதுதான். படிக்கட்டின் கிரானைட், மங்களூர் ஓடு, வாசல் டைல்ஸ் ஆகியவற்றை மாற்றப் பணம் இருக்காது என்பதால், சுவரின் நிறம் அவற்றுக்கு இணங்கிப் போக வேண்டும். செந்நிற ஓடு வேய்ந்த வீட்டுக்கு யானைத் தந்தத்தின் நிறமோ மணல் நிறமோ பொருந்தும். இப்போது எல்லோரும் கேட்கும் நீலச் சாயல் கொண்ட சாம்பல் நிறம் அங்கே ஒட்டாமல் தனித்துத் தெரியும்.

அடுத்தது வெயில். காவி, மஞ்சட்காவி, பழுப்பு போன்ற மண் நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளால் ஆனவை. புற ஊதாக் கதிரையும் சிமெண்டின் காரத்தையும் அவை நன்றாகத் தாங்கும். பளிச்சிடும் ஊதா, ரோஜா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் வெயிலை அவ்வளவாகத் தாங்காத கரிம (கார்பன் சேர்ம) நிறமிகளின் பங்கு அதிகம் என்பதால், மேற்குப் பார்த்த சுவரில் அவை சீக்கிரம் வெளுப்பதும், சன்ஷேடின் நிழல் விழும் பகுதி மட்டும் பழைய நிறத்திலேயே நின்று சுவரைத் திட்டுத் திட்டாகக் காட்டுவதும் வழக்கம். ஆழ்ந்த நிறங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. அவற்றைக் கலக்கத் தனி பேஸும் (நிறமி சேர்க்கப்படும் அடிப்படைப் பெயிண்ட்) கூடுதல் நிறமியும் தேவைப்படுவதால் லிட்டர் விலை ஏறும். அதிலும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் திறன் குறைந்தவையாதலால், இரண்டு முறை பூசுவதில் முடிய வேண்டிய வேலை மூன்றாவது பூச்சுக்குப் போய், பெயிண்டரின் கூலியும் சேர்ந்து கூடும். மேலும் அடர் நிறச் சுவர் வெப்பத்தை உறிஞ்சும்; மேற்கு அறையில் இருப்பவர்கள் அதை மாலையில் உணர்வார்கள்.

அட்டையில் இரண்டு அங்குலத் துண்டாகத் தெரியும் நிறம், பெரிய சுவரில் வெயில் படும்போது இன்னும் வெளிறியும் பளிச்சென்றும் தோன்றும். ஆகவே மனத்துக்குப் பிடித்த நிறத்தைவிடச் சற்று மங்கலான, சாம்பல் கலந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிறிய டப்பா ஒன்று வாங்கி, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி பூசி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று பாருங்கள். கடையின் கணினித் திரையில் வீட்டின் படத்துக்கு நிறம் ஏற்றிக் காட்டுவதை நம்பி முடிவெடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

முகப்புக்கு இரண்டு நிறங்கள் போதும். மழைநீர் சேற்றைத் தெறிக்கும் தரைமட்டத்துக்கு மேல் இரண்டடி வரை அடர்ந்த மண் நிறமும், மீதிச் சுவருக்கு வெளிர் நிறமும் கொடுத்தால் கறை எளிதில் தெரியாது. தூய வெள்ளையைக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்துக்குக் கொடுத்தால், முதல் மழையிலேயே கறுப்புக் கோடுகள் வழியும். இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தை உள்மூலையில் வைக்க வேண்டும். வெளிமூலையில் நிறுத்தினால் கோடு நேராக வராது.

பணம் போதாதபோது, தெருவிலிருந்து தெரியாத பக்கச் சுவர்களுக்குச் சிமெண்ட் பெயிண்ட் பூசி, எமல்ஷனை (நீர் கலந்து பூசும் பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட்) முகப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விரிசல் அடைப்பதையும், பாசி சுரண்டிக் கழுவுவதையும், பிரைமரையும் குறைக்கக் கூடாது. ஈரச் சுவரில் உப்புப் பூத்தால் எந்த நிறமும் உரியும். சாரத்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவு, மலிவான பெயிண்ட் வாங்கினாலும் குறைவதில்லை. சென்னை போன்ற வடகிழக்குப் பருவமழைப் பகுதிகளில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைந்த சுவர் நன்கு உலர்ந்த பிறகு, பிப்ரவரி வாக்கில் வேலையைத் தொடங்கலாம். (பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஈரச் சுவரில் பூசிவிடுவோர் ஏராளம்.) சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடாக இருந்தால் எமல்ஷனைத் தவிர்த்துச் சுண்ணாம்பே அடியுங்கள், ஈரம் வெளியேற வழி வேண்டும்.

தேவையான அளவை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானதைக் குறிக்கும் எண்) வாங்கி, ஷேடு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஓரிடத்தைச் சரிசெய்ய நேர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசாமல், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுதாகப் பூசச் சொல்லுங்கள்.