வைரஸ் அடங்கிய உடலில் வயது செய்யும் வேலை

2004 ஏப்ரலில் இந்திய அரசு மருத்துவமனைகளில் எச்ஐவிக்கான இலவச ஏஆர்டி (வைரஸை அடக்கும் கூட்டு மருந்து) சிகிச்சை தொடங்கியபோது, 35 வயதில் முதல் மாத்திரையை வாங்கியவர் இன்று 55-ஐத் தாண்டியிருப்பார். ஒழுங்காக மருந்து எடுப்பவர் என்றால் வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருக்கும். சிடி4 (எச்ஐவி தாக்கும் நோயெதிர்ப்பு செல்) எண்ணிக்கையும் தேறியிருக்கும். ஏஆர்டி மையத்து அட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிபி ஏறுகிறது, சுகர் எட்டிப் பார்க்கிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது. வயதானால் யாருக்கும் வருவதுதான். எச்ஐவி உள்ளவர்களுக்கு இவை கூடுதலாக வருகின்றன, ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் வருகின்றன.

இதில் பெரும் பங்கு குடலுக்கு. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரிலுள்ள சிடி4 செல்களில் பெரும்பகுதியை வைரஸ் அழித்துவிடுகிறது. காவல் போன சுவர் வழியாகக் குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஓட்டை விழுந்த சுவரை முழுதாகப் பூசித் தராது. கசிவைக் கண்டு நோயெதிர்ப்பு மண்டலம் ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கிறது. இந்த மெல்லிய அழற்சிதான் ரத்தக்குழாயின் உட்சுவரை அரித்து, அங்கே கொழுப்பு படிய வழி செய்கிறது. மருந்தை இடையில் நிறுத்தினால் அழற்சி இன்னும் கூடும். சிடி4 நன்றாக இருக்கும்போது மாத்திரைக்கு விடுப்பு கொடுத்துப் பார்த்த ஸ்மார்ட் ஆய்வில் (2006) மரணமும் இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் அதிகரித்தன. 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது: எச்ஐவி உள்ள 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேரில், தினமும் 4 மி.கி. பிடாவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35% குறைந்தன. கொலஸ்ட்ரால் பெரிதாக ஏறாதவர்களும் அதில் இருந்தார்கள்.

சிறுநீரகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்று பெரும்பாலோர் எடுக்கும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. உள்ளன. 50 கிலோ எடையுள்ள ஆணுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.2 என்று லேப் தாளில் வருகிறது. நார்மல் என்று தாளை மடித்து வைத்துவிடுவோம். வயதை 140-இலிருந்து கழித்து, எடையால் பெருக்கி, 72 × கிரியேட்டினினால் வகுத்துப் பாருங்கள்; சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு அது. 32 வயதில் 62 வருகிறது. 62 வயதில் அதே 1.2-க்கு 45. (பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், இன்னும் குறையும்.) 50-க்குக் கீழே போனால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் உள்ள இந்த மாத்திரை தொடரலாமா என்று மருத்துவர் யோசிக்க வேண்டிய இடம் அது.

இதில் ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. கிரியேட்டினின் சிறுநீருக்குள் நுழையும் ஒரு வாசலை டோலுடெக்ராவிர் பாதி அடைக்கிறது. அதனால் முதல் நான்கு வாரத்தில் 0.1, 0.2 ஏறி அப்படியே நின்றுவிடும்; சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தாலோதான் டெனோஃபோவிர் மீது சந்தேகம் விழ வேண்டும்.

அந்த வாசல் வழியாகத்தான் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினும் வெளியேறுகிறது. வாசல் அடைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். ஆகவே டோலுடெக்ராவிரோடு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மி.கி.க்குள் இருப்பது நல்லது.

எலும்புக்கென்று கொடுக்கும் கால்சியம் இதற்கு நேர்மாறாக வம்பு செய்யும். டோலுடெக்ராவிர் வயிற்றிலேயே கால்சியம், இரும்பு அயனிகளைப் பற்றிக்கொள்ளும். பற்றியது ரத்தத்துக்குப் போகாது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே விழுங்கலாம். வெறும் வயிற்றில் என்றால் ஏஆர்டி மாத்திரையைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இரவு 9 மணி மாத்திரைக்காரருக்கு மதியம் 1 மணிக் கால்சியம் தொந்தரவு தராது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம்.

இந்தத் தப்புகள் பெரும்பாலும் நடப்பது ஏஆர்டி மையத்துக்கு வெளியே. சுகர் டாக்டரிடம் எச்ஐவி பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த ஒரு மாத்திரையை மட்டும் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிறார்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தால் போதும். அதைப் படித்ததும் மெட்ஃபார்மின் அளவை எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியும்.