கிராம சபையில் கையெழுத்துப் போடும் முன்

பல ஊர்களில் கிராம சபை நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டி ஒரு அறிவிப்பு, காலையில் வந்தவர்களிடம் கையெழுத்து, மத்தியானத்துக்குள் கூட்டம் முடிந்தது. தீர்மானத்தை அப்புறம் ஊராட்சிச் செயலர் எழுதிக்கொள்வார்.

கிராம சபைக்கு அடிப்படை, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் நடக்கும். பேரூராட்சிக்கு இது பொருந்தாது.

கூட்டத்துக்கு 7 நாள் முன்பே அறிவிப்பு வெளியாக வேண்டும். இங்கேதான் முதல் தில்லுமுல்லு. நோட்டீஸில் பழைய தேதி போட்டு, முந்தின நாள் ஒட்டுவார்கள். அதனால் ஒட்டிய நோட்டீஸைப் படம் எடுத்துப் பயனில்லை; ஆறு நாளுக்கு முன் பலகை காலியாக இருந்ததைத் தேதி, நேரம் விழும்படி எடுத்து வையுங்கள். புகாரோடு இணைக்க அதுதான் உதவும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் இதற்கு உதவாது. அதிகம் மாட்டிக்கொள்வது புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள்: பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும், கேள்வி கேட்டால் "நீ இந்த ஊர் ஓட்டே இல்லையே" என்பார்கள். படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாதவர் உறுப்பினர் அல்ல. தலை எண்ணிக்கையைக் கூட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அந்தக் கையெழுத்துகள் கணக்கில் சேராது என்று அங்கேயே சொல்லுங்கள்.

குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டம் பதிவேட்டில் இருநூறாவது எப்படி? கையெழுத்துப் பக்கத்தில் நடுநடுவே விடும் வெற்று வரிகளால்தான். கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போடச் சொல்லி, மொத்த எண்ணிக்கையை எழுத்தால் எழுதவைத்துப் படம் எடுங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். "அரசு கொடுத்த பொருள் மட்டும்தான் பேசலாம்" என்றால், கூட்டப் பொருளின் கடைசி வரியைக் காட்டுங்கள்; "இதர பொருள்கள்" என்று பெரும்பாலும் இருக்கும்.

பயனாளிகள் பட்டியலை வாசிப்பது சரி. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணோடு சுவரில் ஒட்டுவது தவறு. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடச் சட்டமே தடுக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைத் திருமணம், பாலியல் கொடுமை போன்றவற்றைச் சபையில் எழுப்பும்போது ஆத்திரத்தில் குழந்தையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பெயரைத் தவிர்த்து "கீழத்தெரு இன்னார் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு" என்றாலும் ஊரில் எல்லோருக்கும் விளங்கிவிடும். யாரோ எடுத்த வீடியோ சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றும். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-ன்படி அடையாளத்தை வெளியிட்டவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். சபையில் கேட்க வேண்டியது, நடவடிக்கை எடுக்கவில்லை ஏன் என்பதை மட்டும்.

புகார் மனுவை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பீர்கள். ஒரே கட்டடத்தில் அந்தப் பெயரில் இருவர் உண்டு: ஒருவர் வட்டார ஊராட்சி, மற்றவர் கிராம ஊராட்சி. உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். இதைக் குறிப்பிடாவிட்டால் "அந்த ரூமுக்குப் போங்க" என்றே நாள் கழியும். நகலை ஊராட்சிகளின் ஆய்வாளரான ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தீர்மான நகல் தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வருகைப் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. "இது எங்கள் அலுவலகம் இல்லை" என்று திருப்பித் தர முடியாது. பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களேதான் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.