இலவச விசா, வழிகாட்டிக்கு ஒரு லட்சம் கடன்: கொரோனா காலச் சுற்றுலா நிவாரணத்தில் யாருக்கு என்ன கிடைத்தது?

கொரோனா இரண்டாம் அலை தணிந்துகொண்டிருந்த நேரம், 2021 ஜூன் 28. ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அன்று அறிவித்த நிவாரணத் தொகுப்பில் சுற்றுலாவுக்கென்றே இரண்டு திட்டங்கள் இருந்தன. இந்தியா வரும் வெளிநாட்டுப் பயணிகளில் முதல் 5 லட்சம் பேருக்கு விசா இலவசம் என்பது ஒன்று. சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் பயண நிறுவனங்களுக்கும் அரசு உத்தரவாதத்தில் வங்கிக் கடன் என்பது இன்னொன்று.

இரண்டுமே காலம் முடிந்த திட்டங்கள்தான். இருந்தாலும் இப்போது பேசக் காரணம் இருக்கிறது. விசாச் சலுகை தேதியோடு முடிந்துவிட்டது, கடன் அப்படி முடியாது. அதை வாங்கியவருக்கு இன்றும் அது ஒரு கணக்கு. ‘அரசு உத்தரவாதம்’ என்றால் என்ன என்பதில் குழப்பம் வர நிறையவே இடமும் இருக்கிறது.

முதலில் அன்றைய நிலவரம். 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020இல் இது 27 லட்சமாகச் சரிந்தது. 2021இல் 15 லட்சம்தான். 2020 மார்ச் 23 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றுபோயின. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து ‘ஏர் பபிள்’ என்ற பெயரில் ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக் குறைந்த எண்ணிக்கையில் விமானங்கள் பறந்தன. ஆனால் சுற்றுலா விசா மட்டும் மூடியே இருந்தது.

இலவச விசா

விதி எளிமையானது. விசா வழங்குவது மறுபடி தொடங்கியதும், முதல் 5 லட்சம் சுற்றுலா விசாக்களுக்குக் கட்டணம் இல்லை. 5 லட்சம் தீரும் வரை அல்லது 2022 மார்ச் 31 வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை சலுகை இருக்கும். ஒருவர் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இதற்காக அரசு ஒதுக்கிவைத்த மதிப்பு 100 கோடி ரூபாய்.

இந்த 100 கோடியைச் சற்று பிரித்துப் பார்க்கலாம். இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் 30 நாள் மின் சுற்றுலா விசாவுக்கு, ஜூலை முதல் மார்ச் வரையிலான பருவத்தில், பெரும்பாலான நாட்டவருக்குக் கட்டணம் 25 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாய்கூட வராது. ஆக, ஒரு பயணிக்குக் கிடைத்த சலுகை அவ்வளவுதான். விமான டிக்கெட், ஆர்டிபிசிஆர் சோதனைச் செலவு, போன இடத்தில் தொற்று வந்தால் எங்கே தங்குவது என்ற பயம், இவையெல்லாம்தான் அன்று ஒருவரைத் தடுத்தன. 25 டாலர் தடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை தேதி. அறிவிப்பு வந்தபோது விசா எப்போது திறக்கும் என்று சொல்லவில்லை. அதே வாரத்தில், 2021 ஜூலை 1 அன்று, தாய்லாந்து தன் புக்கெட் தீவைத் திறந்தது. முழுத் தடுப்பூசி, ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு, தீவிலேயே 14 இரவுகள், இடையிடையே சோதனை என்று அங்கே நிபந்தனைகள் கடுமையாகவே இருந்தன. ஆனால் எந்தத் தேதியில் இறங்கலாம், இறங்கியபின் என்ன நடக்கும் என்பது பயணிக்குத் தெரிந்திருந்தது. கடுமையான விதியைச் சகித்துக்கொண்டு வருகிறவர் உண்டு. எந்த விதி என்றே தெரியாமல் டிக்கெட் எடுக்கிறவர் அரிது.

இந்தியாவில் தனி விமானங்களில் குழுவாக வருவோருக்கு 2021 அக்டோபர் 15 முதலும், மற்ற விமானங்களில் வருவோருக்கு நவம்பர் 15 முதலும் சுற்றுலா விசா திறந்தது. அடுத்த சில நாட்களிலேயே ஒமிக்ரான் வந்தது. டிசம்பர் 15 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் என்ற அறிவிப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2022 ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் எல்லோருக்கும் 7 நாள் தனிமை என்றானது. முப்பது நாள் விசாவில் வருகிறவருக்கு அதில் கால்வாசி தனிமையிலேயே போய்விடும். பிப்ரவரி 14 அன்று அந்த விதி நீங்கியது. வழக்கமான விமானங்கள் திரும்பியது மார்ச் 27 அன்று. இலவச விசாவுக்குக் கடைசி நாளோ மார்ச் 31.

போதாக்குறைக்கு, இந்தியாவுக்கு அதிகம் பேரை அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் இருக்கும் பிரிட்டனுக்கு அந்தக் காலத்தில் மின் விசாவே கிடையாது. 2022 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது.

கடன்: உத்தரவாதம் யாருக்கு?

சரி, கடன் திட்டத்துக்கு வருவோம். என் பார்வையில் முக்கியமானது இதுதான்.

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடன். வட்டார அளவிலோ மாநில அளவிலோ உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பரிசீலனைக் கட்டணம் இல்லை, முன்கூட்டியே அடைத்தால் அதற்கும் கட்டணம் இல்லை, கூடுதல் பிணை கேட்கக் கூடாது. அறிவிப்பின்படி, அமைச்சகம் அங்கீகரித்த வட்டார வழிகாட்டிகள் 10,700 பேர், நிறுவனங்கள் ஏறக்குறைய 900. மாநில அரசுகள் அங்கீகரித்த வழிகாட்டிகளும் இதில் சேர்வார்கள்.

கடனுக்கு 100 சதவீத உத்தரவாதம் தந்தது அரசின் தேசியக் கடன் உத்தரவாத அறங்காவல் நிறுவனம். இந்த உத்தரவாதம் வங்கிக்குத் தரப்பட்டது, கடன் வாங்கியவருக்கு அல்ல. நீங்கள் கட்டத் தவறினால் வங்கிக்கு நஷ்டம் வராமல் அரசு பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. உங்கள் கடன் அதனால் தள்ளுபடி ஆகாது. உத்தரவாதத் தொகையை வாங்கிக்கொண்ட பின்னும் வங்கி உங்களிடம் வசூலிக்க முயலத்தான் வேண்டும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் உங்கள் பெயருக்கு நேரே வாராக்கடன் என்று பதிவாகும். நாளைக்கு வீட்டுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

பயணி வந்தால்தான் வழிகாட்டிக்கு வருமானம். பயணி வர விசாவும் விமானமும் வேண்டும். அவை இரண்டும் சரிவரத் திறக்கு முன்பே கடன் அறிவிக்கப்பட்டது. நிலைமை எப்போது சீராகும் என்று அரசுக்கே தெரியாத காலத்தில், அந்த நிச்சயமின்மையின் பாரத்தை ஒரு லட்சம் ரூபாய்க் கடனாக வழிகாட்டியின் தலையில் வைத்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். சிறிய தொகையாக இருந்தாலும் நேரடி உதவியாகத் தந்திருக்க வேண்டும்.

விட்டுப்போனவர்கள்

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22இல் கட்டணம் வசூலிக்கப்படும் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் அதுதான் என்று ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம் சொன்னது. 1,44,984 பேர். தாஜ்மகாலுக்குக்கூட அந்த ஆண்டு 38,922 பேர்தான். இப்படிப்பட்ட ஊரில் வெளிநாட்டுப் பயணியை நம்பி வாழ்கிறவர் வழிகாட்டி மட்டுமா? கல்சிற்பம் செதுக்குகிறவர், சங்கு மாலை விற்கிறவர், கார் ஓட்டுகிறவர், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறவர் என்று வரிசை நீளும். இவர்களுக்கு மேலே சொன்ன கடனில் இடமில்லை.

ஓட்டல்களுக்கும் பயணத் தொழில்களுக்கும் 2021 மார்ச் முதல் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் இருந்தது. ஏற்கெனவே உள்ள கடனில் 40 சதவீதம் வரை கூடுதலாகப் பெறலாம். ஆறு ஆண்டில் கட்டினால் போதும், முதல் இரண்டு ஆண்டு அசல் கட்ட வேண்டாம். ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் கடன் பாக்கி இருந்திருக்க வேண்டும். கடனே வாங்காமல் கைக்காசில் தொழில் செய்தவருக்கு நாற்பது சதவீதம் என்றால் பூஜ்யத்தில்தான் நாற்பது சதவீதம்.

நகர்ப்புறத் தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி என்ற கடன் திட்டம் ஓரளவு கைகொடுத்தது. முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் அப்புறம் 20,000, அதன்பின் 50,000. இத்திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இதை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ரூபாயாகவும் இரண்டாவதை 25,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். தெருவோர வியாபாரி என்பதற்கான சான்றிதழோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

வழிகாட்டிக் கடனோ அவசரக் கடனோ வாங்கியிருந்தால், கட்டி முடித்ததும் வங்கியிடம் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை வாங்கிப் பாருங்கள். முழுதாகக் கட்டிய கணக்கு அதில் ‘க்ளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்று இருந்தால் குறைத்துக் கட்டி முடித்ததாக அர்த்தம், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். தவறாகப் பதிவாகியிருந்தால் வங்கியிடமும் அந்த நிறுவனத்திடமும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். முப்பது நாளில் அவர்கள் சரிசெய்து தர வேண்டும்.