மழைக்கொரு தவளை

திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் ஐப்பசி பிறந்த பிறகுதான் மழை வலுக்கும். அதே மலைத்தொடரின் கேரளப் பக்கத்தில் அதற்குள் பெருமழை கொட்டித் தீர்ந்திருக்கும். பன்றிமூக்குத் தவளை ஓர் இனமல்ல, இரண்டு இனங்கள் என்று தெரியவந்த கதையில் இந்த மழைக்கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் தவளை 2003-இல் இடுக்கி மாவட்டத்திலிருந்து அறிவியல் பதிவேட்டில் ஏறியது. ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் அதை விவரித்தார்கள். ஊதிப் பெருத்த கருஊதா உடல், அதற்குப் பொருந்தாத சிறிய தலை, கூர்ந்த மூக்கு. அழகன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது இந்தியாவில் அல்ல, கடல் கடந்து சீஷெல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்து வம்சம் அது.

இவ்வளவு பழைய உயிர் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்குள் கறையான் தின்று கழிக்கிறது. முதல் மழைகளின்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் வெளியே வரும். ஆண் தவளை மண்ணுக்கடியிலிருந்தே குரல் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், ஓடைப்பாறைகளில் வாயால் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு வெள்ளத்தைச் சமாளிக்கும் அதன் தலைப்பிரட்டைகளை 1918-இலேயே விவரித்துவிட்டார்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே 85 ஆண்டு இடைவெளி! மலைவாழ் மக்களோ அந்தத் தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சமைத்தும் வந்திருக்கிறார்கள். ‘புதிய’ இனம் என்றால் பதிவேட்டுக்குப் புதிது, அவ்வளவுதான்.

இரண்டாவது தவளை 2017-இல் வந்தது. இடம் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையொட்டிய கிழக்குச் சரிவு. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். இப்படிப்பட்ட நிலையில் ஆய்வாளர்கள் ஒரே சான்றை நம்புவதில்லை. உடல் உறுப்புகளை அளந்து ஒப்பிட்டார்கள். ஆண் தவளையின் அழைப்பொலியைப் பதிவு செய்து அதன் துடிப்புகளை ஆராய்ந்தார்கள். டிஎன்ஏ எழுத்து வரிசையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் வேறுபாடு தெரிந்தது.

இவற்றில் குரல்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. தவளைகளுக்கு அது வெறும் இரைச்சல் அல்ல. பெண் தன் இனத்து ஆணை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். குரல் மாறினால் கலப்பு குறையும்; கலப்பு நின்றால் காலப்போக்கில் இனங்கள் விலகும். இங்கே பருவமும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத் தவளை கோடை மழையிலும் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திலும் இணை தேடுகிறது. கிழக்குத் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒன்று மேலே வரும்போது மற்றது மண்ணுக்குள் இருக்கும்.

புதியதற்குப் பூபதி என்ற பெயரைச் சூட்டினார்கள். 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. கேரளத் தவளையின் நாட்காட்டியை நம்பி ஆனி மாதம் இந்தச் சரிவில் தேடப் போனால், காலடிக்குக் கீழேயே அது கறையான் தின்றுகொண்டிருக்கும்.