கட்டைவிரல் வலிக்கிறதா? முதலில் பிஸ்டலின் கைப்பிடியை, அதாவது கிரிப்பைப் பாருங்கள்

இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கை இது. 14 வயதுப் பெண், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட முடியவில்லை. "இறுக்கிப் பிடி, போகப் போகச் சரியாயிடும்" என்று நான்கு மாதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிஸ்டலை வாங்கிப் பார்த்தேன். பெரியவர் ஒருவருடைய கைக்கு வாங்கிய எல் சைஸ் மரக் கிரிப். அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே என் பென்சிலை நுழைத்தேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. அந்த இடைவெளியைத்தான் அந்தப் பிள்ளை நான்கு மாதமாகக் கட்டைவிரலால் நெருக்கி நெருக்கி ஈடுகட்டியிருக்கிறாள்.

"கைதான் துப்பாக்கிக்குப் பழகணும்" என்ற பேச்சைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். பயிற்சியால் தசை வலுவாகும், நிதானம் வரும். ஆனால் விரல் எலும்பு நீளாது, உள்ளங்கை அகலமாகாது. ஒருவருக்கு விரல் நீளம், உள்ளங்கை சிறிது. இன்னொருவருக்கு உள்ளங்கை அகலம், விரல் குட்டை. இருவரும் ஒரே பிஸ்டலை ஒரே மாதிரி எப்படிப் பிடிக்க முடியும்? பதக்கம் வென்றவர் பிடிப்பதை வீடியோவில் பார்த்து அப்படியே செய்கிறீர்கள். அவருடைய கிரிப் அவர் கைக்கென்று ராவி, மரப்புட்டி வைத்து, மறுபடி ராவிச் செதுக்கியது. அது வீடியோவில் தெரியாது. உங்களுக்குத் தெரிவதெல்லாம் விரல்கள் இருக்கும் இடம் மட்டும்தான்.

சிறிய கைக்காரர் பெரிய கிரிப்பைப் பிடித்தால் விரல் டிரிகருக்கு எட்டாது. எட்டுவதற்காகக் கையைச் சுற்றித் திருப்புவார். பிஸ்டல் முன்கையின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். வெடிமருந்துத் தோட்டா போடும் பிஸ்டலாக இருந்தால் பின்னுதை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே விழாமல் நேராகக் கட்டைவிரல் மூட்டில் இடிக்கும். விரல் நுனியால் டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளுவதும் இதனால்தான். சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டலின் டிரிகரை இழுக்கத் தேவையான அழுத்தம் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். அந்த அழுத்தம் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தாலே முன் சைட் (குழாய் முனையில் உள்ள குறிபார்க்கும் முள்) நகர்ந்துவிடும்.

பெரிய கைக்காரர்களின் கதை வேறு. போன வாரம் வந்தவருக்குக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் இரண்டு இணைகோடுகளாக வெட்டு. "எவ்வளவு மேலே பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சிறிய செமி ஆட்டோமேட்டிக்கைப் பிடித்திருக்கிறார். சதை மேலே பிதுங்கியது, சுட்டதும் பின்னால் ஓடிய ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) கிழித்துவிட்டது. மேலே பிடிப்பது சரிதான், உங்கள் சதைக்கு அங்கே இடம் இருந்தால். இரண்டு கையாலும் பிடிக்கும்போது இடது கட்டைவிரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போடவே போடாதீர்கள். ரிவால்வரில் கட்டைவிரலை முன்னால் நீட்டாதீர்கள், குண்டுகள் இருக்கும் உருளைக்கும் குழாய்க்கும் இடையே சூடான வாயு சீறும். கடைசிக் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்கவில்லையா? பிஸ்டலைப் பழுதுக்குக் கொடுக்கும் முன், உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் சிறு நெம்பை) அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை விரல்தான் காரணம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. மேகசினைக் கழற்றி, குழாயின் பின்னால் குண்டு உட்காரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, முனையை டார்கெட் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். பிஸ்டலை வைத்துவிட்டு, கையை எடுத்துப் புதிதாகப் பிடியுங்கள். ஐந்து முறையும் அதே பக்கம் ஒதுங்கினால் கிரிப்பில்தான் வேலை இருக்கிறது.

கிரிப்பின் பின்பட்டையை மாற்றும் வசதியுள்ள பிஸ்டல் என்றால் சிறியது, பெரியது எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். டப்பாவில் அப்படியே தூங்க விடாதீர்கள். மரக் கிரிப் என்றால் உள்ளங்கையில் சாக்பொடி தடவிப் பிடியுங்கள். பொடி ஒட்டாத இடத்தில் புட்டி வையுங்கள், அழுத்தும் இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே சுட்டுப் பார்த்து. அவசரப்பட்டு ராவிய மரம் திரும்பி வராது. போட்டிக்குப் போகிறவர்கள் மாற்றிய கிரிப்பை முன்கூட்டியே உபகரணச் சோதனையில் காட்டிவிடுங்கள். ஏர் பிஸ்டல் கிரிப் மணிக்கட்டைத் தாங்கினால் அனுமதி கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் ஓய்வு சொல்லி, கைமூட்டு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். எஸ் சைஸ் கிரிப் வந்த பிறகுதான் ரேஞ்சுக்கு வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வளரும் பிள்ளையின் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரிப்பைச் சரிபாருங்கள். "கை வலிக்குது" என்று பிள்ளை சொன்னால், அடுத்த ஷாட்டைச் சுடச் சொல்லாதீர்கள்.