பின்னோக்கு இணக்கம்: ஒரு சொல் விளக்கம்

பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தமிழில் பின்னோக்கு இணக்கம் எனலாம். பழைய பதிப்புக்கு எழுதிய நிரல் புதிய பதிப்பிலும் திருத்தமில்லாமல் ஓட வேண்டும். இணங்கிப் போக வேண்டிய பொறுப்பு புதியதற்குத்தான், பழையதற்கு அல்ல.

கம்பாட்டிபிள் என்பதன் லத்தீன் வேருக்குச் 'சேர்ந்து துன்பப்படு' என்று பொருள். ஜாவா என்ற நிரல்மொழிக்கு மாட்யூலை, அதாவது நிரலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் ஏற்பாட்டை, கொண்டுவந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அதற்காக 2008-ல் தொடங்கிய ஜிக்சா திட்டம், 2017 செப்டம்பரில்தான் ஜாவா 9-இன் பகுதியாக வெளிவந்தது.

அதுவரை பப்ளிக் (பொது) என்று அறிவித்த வகுப்பை (நிரலின் அடிப்படை அலகை) யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். மாட்யூல் வந்த பிறகு, அது 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று அறிவித்த பேக்கேஜ் (வகுப்புகளின் தொகுப்பு) மட்டுமே வெளியே தெரியும். சரி, மாட்யூலையே அறியாத பழைய ஜார் கோப்புகள் (வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்புகள்) என்ன ஆகும்? கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் பழைய பாதையில்) இருப்பவை எல்லாம் 'பெயரற்ற மாட்யூல்' ஒன்றுக்குள் சேர்ந்துவிடும். அது மற்ற எல்லா மாட்யூல்களையும் படிக்கும், அதாவது அவை வெளியே காட்டுவதைப் பயன்படுத்தும். பழைய ஜாரை மாட்யூல் பாதையில் வைத்தால், பெரும்பாலும் கோப்பின் பெயரையே வைத்து அது 'தானியங்கி மாட்யூல்' ஆகிவிடும். பழைய நிரலில் மாறி ஒன்றுக்கு 'மாட்யூல்' என்று பெயர் இருந்தாலும் சிக்கலில்லை. மாட்யூலை அறிவிக்கும் இடத்தில் மட்டுமே அது சிறப்புச் சொல்.

ஆனாலும் சில நிரல்கள் உடைந்தன. ஜாவா தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் வகுப்புகளைத் தொடாதீர்கள் என்று, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் முன்பே சொல்லியிருந்தும், பலர் தொட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சன்.மிஸ்க் பேக்கேஜில், தரவை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 வகுப்புகள் நீக்கப்பட்டன. அதே பேக்கேஜில், நினைவகத்தை நேரடியாகத் தொடவிடும் அன்சேஃப் வகுப்பை நம்பிப் பல நூலகங்கள் இருந்ததால் அது தப்பியது. ரிஃப்ளெக்ஷன் (நிரல் ஓடும்போதே வகுப்புகளின் உள்ளே பார்க்கும் வசதி) வழியாக உள்ளே நுழைந்தால் ஜாவா 9 எச்சரித்ததோடு விட்டது. 2021-ல் வந்த ஜாவா 16 அதை இயல்புநிலை அமைப்பிலேயே தடுத்தது. இவையெல்லாம் உத்தரவாதம் தராத பகுதிகள், ஆகவே இணக்கம் முறியவில்லை என்பது ஒரு வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்றால், அதைப் பராமரிப்பவருக்கு அது முறிவுதான்.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். பின்னிணக்கம் என்றால் சுருக்கமாக இருக்கும். ஆனால் 'பின்' என்பதற்குப் 'பிற்பாடு' என்ற பொருளும் உண்டே, தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. பொருத்தம் என்றால் ஜாதகம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'நோக்கு' சேர்ந்தால் திசை தெளிவாகிவிடும். எதிர்ச்சொல்லும் முன்னோக்கு இணக்கம் என்று தானாகவே அமையும். மாட்யூல் அறிவிப்பு உள்ள ஜாரை ஜாவா 8-இன் கிளாஸ்பாத்தில் வைத்தால், மற்ற வகுப்புகள் ஜாவா 8-க்குத் தொகுக்கப்பட்டிருக்கும் வரை, அந்த அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் நிரல் ஓடுகிறதே, அது முன்னோக்கு இணக்கம்.